மாமியாரின் முட்டியும் பாரிஸின் படிகளும்

கேள்வி: வரும் செப்டம்பரில் குடும்பத்தோடு பாரிஸ் போகத் திட்டமிட்டிருக்கிறோம். நான், கணவர், 71 வயது மாமியார், 14 வயது மகள், 9 வயது மகன் என ஐந்து பேர். திங்கட்கிழமை காலை இறங்கி, சனிக்கிழமை கிளம்புகிறோம். மாமியாருக்கு முட்டி வலி உண்டு. மெதுவாக நடப்பார், ஆனால் படி ஏறினால் சிரமப்படுவார். முட்டைகூடச் சேர்க்காத சுத்த சைவம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று 17 இடங்களை எழுதி வைத்திருக்கிறேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகில் விடுதி மலிவாகக் கிடைக்கிறது. அந்தப் பகுதி சரியில்லை என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். பிக்பாக்கெட் பயமும் இருக்கிறது. பேசாமல் குழுச் சுற்றுலாவில் சேர்ந்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். பாரிஸில் சுற்றுலா வழிகாட்டியாக இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழுச் சுற்றுலா உங்களுக்கு வேண்டாம். குழுவின் வேகத்தை அதில் இருக்கும் இளைஞர்கள்தான் தீர்மானிப்பார்கள். பஸ் ஓரிடத்தில் நிற்கும், இருபது நிமிடத்தில் திரும்பி வாருங்கள் என்பார்கள். உங்கள் மாமியார் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் மற்றவர்கள் திரும்பி ஏறிக்கொண்டிருப்பார்கள். அடுத்த இடத்தில் "நான் பஸ்ஸிலேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று அவரே சொல்லிவிடுவார். இப்படிப் பஸ்ஸிலேயே உட்கார்ந்து பாரிஸைப் பார்த்துவிட்டுப் போன பெரியவர்கள் ஏராளம். அவர் அப்படித் திரும்பக் கூடாது. நீங்களாகவே வாருங்கள், உங்கள் வேகத்தில் பாருங்கள்.

ஆனால் அந்த 17 இடங்களின் பட்டியலைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதோடு மாலையில் ஒரு சின்ன இடம், அவ்வளவுதான். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதைப் படிகளே தீர்மானிக்கட்டும். பட்டியலில் நீங்கள் எழுதியிருக்கும் வெற்றி வளைவின் உச்சிக்கு 284 படிகள். நிலத்தடி எலும்புக்கூட்டுச் சுரங்கத்துக்கு 131 படிகள் இறங்கி, 112 படிகள் ஏற வேண்டும். நோத்ர்தாம் பேராலயத்தின் கோபுரங்களுக்கு 424 படிகள். இந்த மூன்றையும் தயங்காமல் அடித்துவிடுங்கள். வெற்றி வளைவைக் கீழே நின்று பார்த்தாலே அதன் கம்பீரம் தெரியும்.

பாரிஸ் மெட்ரோவைப் பற்றி எல்லோரும் ஆகா ஓகோ என்று எழுதுவார்கள். நல்ல மெட்ரோதான், சந்தேகமில்லை. ஆனால் அது 1900-இல் ஓடத் தொடங்கியது. லிஃப்ட்டைப் பற்றி யாரும் யோசிக்காத காலத்தில் தோண்டிய நிலையங்களே இன்றும் பெரும்பாலானவை. எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கும் ஒரே தடம் 1998-இல் திறந்த 14-ஆம் தடம்தான். மற்ற இடங்களில் நகரும் படிக்கட்டு பாதி வழி வரும், மீதியை ஏறித்தான் ஆக வேண்டும். வரைபடத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும் ஷாத்லே நிலையத்தில் ரயில் மாற, சுரங்க நடைபாதைகளில் பத்து நிமிடம்கூட நடக்க நேரிடும்.

அதனால் மாமியாரோடு போகும்போது பஸ்ஸில் போங்கள். தாழ்தள பஸ்கள் என்பதால் நடைமேடையிலிருந்து ஏறுவது சுலபம். முன்பக்கம் பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் உண்டு. முன்வாசலில் ஏறி, அட்டையை இயந்திரத்தில் ஒற்றிவிட்டு, ஓட்டுநருக்கு ஒரு 'பொன்ஜூர்' சொல்லுங்கள். கடையானாலும் விடுதியானாலும் அந்த வணக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் இங்கே பேச்சையே தொடங்க வேண்டும். அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாரிஸ்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று நம்மவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள்.

69-ஆம் எண் பஸ்ஸைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நகரின் கிழக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு பஸ்தீல், நகராட்சி மாளிகை, லூவ்ர் அருங்காட்சியகம், ஓர்சே அருங்காட்சியகம், இன்வாலித் வழியாக ஈபிள் கோபுரத்தின் அடியில் இருக்கும் பெரிய மைதானத்துக்குப் போய்ச் சேரும். ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் சுற்றுலா பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. பகல் பதினொரு மணி வாக்கில் ஏறினால் கூட்டம் குறைவு.

நீங்கள் திங்கட்கிழமை வருவது பெரிய சௌகரியம். நவிகோ வாரப் பயண அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். எந்தக் கிழமையில் வாங்கினாலும் ஞாயிறு இரவோடு முடிந்துவிடும். விலை சுமார் 32 யூரோ. அட்டைக்கென்று தனியாக 5 யூரோ. மெட்ரோ, பஸ், ஆர்.இ.ஆர். புறநகர் ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் அதில் அடக்கம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், சின்னவனுக்கும் சேர்த்து. அட்டையில் ஒட்ட ஆளுக்கு ஒரு சிறிய புகைப்படம் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். பயணம் முடிந்து வெளியே வரும்வரை அட்டை கையில் இருக்கட்டும். பரிசோதகர்கள் வெளியேறும் பாதையில்தான் நிற்பார்கள். தெரியாமல் செய்துவிட்டோம் என்ற சமாதானம் அவர்களிடம் எடுபடாது, அங்கேயே அபராதம் கட்ட வேண்டும்.

விமான நிலைய ரயிலும் அட்டையில் அடக்கம்தான் என்றாலும், சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் இறங்கியதும் டாக்ஸியில் போங்கள். இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து கால் வீங்கிய நிலையில் மாமியாரையும் ஐந்து பெட்டிகளையும் ரயிலில் ஏற்ற வேண்டாம். டாக்ஸிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் உண்டு. சேன் நதிக்கு வடக்கே இருக்கும் வலது கரைக்கு 56 யூரோ, தெற்கே இருக்கும் இடது கரைக்கு 65 யூரோ. ஐந்தாவது ஆளுக்குச் சிறிது கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயமானதுதான். உங்கள் விடுதி வலது கரை. ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் இடமுள்ள பெரிய வண்டி வேண்டும் என்று வரிசையில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். முனையத்துக்குள்ளேயே உங்களை நெருங்கி "டாக்ஸி, டாக்ஸி" என்று கிசுகிசுப்பவர் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். அசல் டாக்ஸிக்காரர் வெளியே வரிசையில் வண்டியோடு இருப்பார்.

கார் து நோர் பகுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கேயே தங்குங்கள் என்பதுதான் என் யோசனை. பெரிய ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் நெரிசலும் அழுக்கும் அங்கே உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் நிலையத்தின் வாசலில் நின்று கைப்பேசியில் வழி தேடுவதைத் தவிருங்கள். மற்றபடி பயந்து ஒதுக்க வேண்டிய இடமல்ல. உங்கள் மாமியாரின் சாப்பாட்டுக் கவலையைத் தீர்க்கும் இடமும் அதுதான். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் லாச்சப்பல் வந்துவிடும். எண்பதுகளிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், கட்டுக் கட்டாக முருங்கைக்காய், கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் இருக்கும். அருகிலேயே பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தேர் வீதியுலா வரும். உங்கள் தேதி ஒத்துவந்தால் விட்டுவிடாதீர்கள். தேங்காய்களைத் தெருவில் மலைபோல் குவித்து உடைப்பதைப் பார்க்கப் பிரெஞ்சுக்காரர்களும் திரளாக வருவார்கள்.

அங்கே தமிழிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். சைவச் சாப்பாட்டுக்கு ஈழத்தமிழர் வழக்கில் 'மரக்கறிச் சாப்பாடு' என்று கேளுங்கள். ஆனால் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள். சம்பலில் மாசிக் கருவாடு சேர்த்திருக்கிறார்களா? இறைச்சியோ மீனோ வைத்த ரோல்ஸும் வடையும் ஒரே எண்ணெயில் பொரித்தவையா? கடைக்காரர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள், உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

வெளியே சுற்றும்போது என்ன சாப்பிடுவது? பாகெத் ரொட்டியில் 'த்ரதிஸியோன்' என்று கேட்டு வாங்குங்கள். அதில் என்ன சேர்க்கலாம் என்பதற்கு 1993-இல் வந்த அரசாணையே இருக்கிறது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட் ஆகியவைதான் அடிப்படை. முட்டையோ பாலோ கிடையாது. மாமியார் தைரியமாகச் சாப்பிடலாம். குறுவாசான் என்ற பிறைவடிவ ரொட்டி அப்படியல்ல. மேலே பளபளப்பு வருவதற்காக முட்டை பூசிச் சுடுவது வழக்கம். வெங்காய சூப் என்றால் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள், பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்வார்கள். பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள். சுத்த சைவர் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தயிர் எல்லாப் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும், புளிக்காத கெட்டித் தயிர். லாச்சப்பலில் வெறும் சோறு வாங்கிக்கொண்டால் இரவுக்குத் தயிர்சாதம் தயார். மாரே பகுதியில் ரோசியே தெருவில் கொண்டைக்கடலை உருண்டைகளைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் ஃபலாஃபல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுவரலாம். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் கொண்டுவராதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது, சுங்கத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கறிவேப்பிலையும் வேண்டாம். எல்லாம் லாச்சப்பலில் கிடைக்கும்.

தண்ணீர் பாட்டிலுக்குச் செலவு செய்யாதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. தெருவோரத்தில் நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கி நிற்கும் கரும்பச்சை நிறக் குழாய்களைப் பார்ப்பீர்கள். ரிச்சர்ட் வாலஸ் என்ற வள்ளல் 1872-இல் நிறுவத் தொடங்கியவை. இன்றும் அவற்றில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். உணவகத்திலும் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் காசில்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடுகிறது, டிப்ஸ் கட்டாயமில்லை.

இனி நாட்களுக்கு வருகிறேன். திங்களன்று ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் மூடியிருக்கும். செவ்வாயன்று லூவ்ர் மூடியிருக்கும். இது தெரியாமல் வந்து மூடிய கதவுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வந்திறங்கிய திங்களன்று பகலில் தூங்குங்கள். மாலையில் சேன் நதியில் ஒரு மணி நேரப் படகுச் சவாரி போங்கள். நோத்ர்தாம், லூவ்ர், ஈபிள், பாலங்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். மாமியாருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் சில படகுத்துறைகளுக்குக் கரையிலிருந்து படியிறங்க வேண்டும். பதிவு செய்யும் முன் சரிவுப்பாதை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செவ்வாய், ஈபிள் கோபுரம். லிஃப்ட் டிக்கெட்டுகளை 60 நாட்களுக்கு முன்பே அதிகாரபூர்வ இணையதளத்தில் திறந்துவிடுவார்கள். அன்றைக்கே பதிவு செய்யுங்கள். காத்திருந்தால் 674 படிகள் ஏறும் டிக்கெட்தான் மிஞ்சும். இரண்டாம் தளம் போதும். 116 மீட்டர் உயரத்திலிருந்து நகரம் அடையாளம் தெரியும்படி கிடக்கும். உச்சிக்குப் போனால் எல்லாம் மங்கிவிடும், அங்கே உட்காரவும் வசதியில்லை. முதல் தளத்தில் கண்ணாடித் தரை இருக்கிறது, பிள்ளைகளை அங்கே விட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுவதும் 20,000 விளக்குகள் மின்னும். நதிக்கு எதிர்க்கரையில் த்ரொகாதேரோ மேடையிலிருந்து பார்ப்பது நல்லது.

புதன், லூவ்ர். புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். காலையில் போகாதீர்கள், நாலரை மணிக்கு மேல் நேரம் பதிவு செய்யுங்கள். அதற்குள் பெரிய குழுக்கள் கிளம்பத் தொடங்கிவிடும். 2026 ஜனவரி முதல் நம்மைப் போல ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு டிக்கெட் 32 யூரோ ஆக்கிவிட்டார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் கட்டணமில்லை. நுழைவாயிலாக இருக்கும் கண்ணாடிப் பிரமிடின் அடியில் உள்ள தகவல் மேசையில் அடையாள அட்டை கொடுத்தால் சக்கர நாற்காலியை இலவசமாகத் தருவார்கள். இந்த ஒன்றை மட்டும் மாமியாரிடம் வற்புறுத்தியாவது ஒப்புக்கொள்ள வையுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சக்கர நாற்காலி என்றாலே "எனக்கென்ன, நடப்பேன்" என்பார்கள். லூவ்ர் ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்தது, அதன் கூடங்கள் நீளமானவை. ஒரு மணி நேரத்தில் முட்டி தகராறு செய்யத் தொடங்கும், பிறகு மீதிப் பயணமே கெட்டுவிடும். நாற்காலியோடு போனால் பிரமிடின் சுழல்படிக்கு நடுவே இருக்கும் திறந்த உருளை லிஃப்ட்டில் இறங்கலாம். அதில் ஏறுவதற்காகவே உங்கள் மகன் நாற்காலியைத் தள்ள முன்வருவான்.

மோனாலிசாவைப் பார்க்க எல்லோரும் முண்டியடிப்பார்கள். படம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம்தான். அதைப் பார்த்த பிறகு அப்படியே திரும்பி நில்லுங்கள். எதிர்ச்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு வெரோனேசே வரைந்த 'கானா ஊர்த் திருமணம்' இருக்கும். ஏறத்தாழ 10 மீட்டர் அகலம். கல்யாண விருந்து, வாத்தியக்காரர்கள், பரிமாறுகிறவர்கள், மேசைக்கடியில் நாய்கள், மேல்மாடத்தில் எட்டிப் பார்க்கிறவர்கள். கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். உங்கள் மாமியாருக்கு அந்தப் படம்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நிதானமாகப் பார்க்கட்டும்.

வியாழன் உங்கள் மகனுக்கு. வெர்சாயையும் டிஸ்னிலேண்டையும் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். வெர்சாயை விடுங்கள். கல் பாவிய பெரிய முற்றமும், மெதுவாக நகரும் கூட்டமும் முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. பிள்ளைகளும் கணவரும் ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் டிஸ்னிலேண்ட் போகட்டும், நகர மையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நீங்களும் மாமியாரும் லுக்ஸம்பர்க் பூங்காவுக்குப் போங்கள். குளத்தைச் சுற்றிலும் பச்சை இரும்பு நாற்காலிகள் கிடக்கும், காசில்லை, இழுத்துப் போட்டு உட்காரலாம். ஐந்து பேரும் எல்லா நேரமும் ஒன்றாகவே நகர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்படி நினைக்கும் குடும்பங்களில்தான் மூன்றாம் நாள் சண்டை வருகிறது.

வெள்ளி காலை நோத்ர்தாம். 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் கூரையை இழந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த பேராலயம். சுத்தம் செய்த கல் இப்போது வெளிறிய பால் நிறத்தில் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணமில்லை. யாராவது டிக்கெட் விற்றால் அது மோசடி. மாலையில் மொன்மார்த்ர் குன்று. சாக்ரே கேர் தேவாலயத்துக்கு 222 படிகள் இருக்கின்றன, ஆனால் பக்கத்திலேயே ஃபுனிகுலேர் இழுவை வண்டி மேலே போகிறது. நவிகோ அட்டையே அதற்கும் செல்லும்.

திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரிஸில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரும்பாலும் நேர்வது கத்தி காட்டும் கொள்ளையல்ல, கவனத்தைத் திருப்பும் கைவேலை. மொன்மார்த்ர் அடிவாரத்தில் கையில் வண்ண நூலோடு நிற்பவர்கள் சிரித்துப் பேசியபடி உங்கள் மகளின் விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுப் பணம் கேட்பார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்காமல் நடங்கள். மனுவில் கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டும் பெண்கள் வருவார்கள். அட்டை உங்கள் கைப்பையை மறைக்கும், இன்னொரு கை உள்ளே போகும். காலடியில் தங்க மோதிரத்தைக் கண்டெடுத்து உங்களுடையதா என்பவரும், பாலத்தின் மேல் மூன்று கிண்ணங்களை வைத்துச் சூதாட்டம் நடத்துபவரும் இதே ரகம். அங்கே ஜெயித்துக் குதிப்பவர் அவர்களுடைய ஆள். மெட்ரோவில் கதவோரம் நின்று கைப்பேசி பார்க்காதீர்கள். கதவு மூடும் மணி அடிக்கும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

ஒரு சகோதரனாகச் சொல்கிறேன். தங்க நகைகளை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராது என்பது தெரியும். நீங்களும் மாமியாரும் அதைக் கழுத்து மூடிய உடைக்குள் வைத்து, மேலே ஸ்கார்ஃப் சுற்றிக்கொள்ளுங்கள். செப்டம்பர் மாலைகளில் குளிருக்கும் அது உதவும். பாஸ்போர்ட்டுகள் விடுதிப் பெட்டகத்தில் இருக்கட்டும், நகல் கையில் போதும். ஒருவேளை தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கி, பிறகு இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். அவசர உதவிக்கு 112.

விடுதி பதிவு செய்யும் முன் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது. இருந்தாலும் இரண்டு பேர் நெருக்கி நிற்கும் அளவுக்குத்தான் இருக்கும். இங்கே முதல் மாடி என்றால் தரைத்தளத்துக்கு மேலே உள்ளது. உங்கள் லேப்டாப்பின் மூன்று முனை பிளக் இங்கே பொருந்தாது. மெல்லிய இரு முனை சார்ஜர் பொருந்தும். மாமியாரின் மாத்திரைகளை ஆங்கில மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கடைகளில் அட்டையில் பணம் கட்டும்போது ரூபாயிலா, யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம். ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு வேண்டும். மாமியாருக்கு 70 வயது தாண்டிவிட்டதால் அவருக்கான பாலிசியை முதலில் பாருங்கள், எல்லா நிறுவனங்களும் எல்லாப் பாலிசியையும் அந்த வயதுக்குத் தருவதில்லை. கோடை விடுமுறைக்காரர்கள் சென்னையில் விண்ணப்ப நேரங்களை முந்திக்கொண்டு நிரப்பிவிடுவார்கள். தேதி உறுதியானால் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது செப்டம்பர் மூன்றாம் வாரக்கடைசியையும் கவனத்தில் கொள்ளுங்கள். அந்த இரண்டு நாட்களும் பாரம்பரியக் கட்டடங்களை மக்களுக்குத் திறந்துவிடும் விழா நடக்கும், வரிசைகள் தெருவைத் தாண்டி நிற்கும். அதற்கு முந்தைய திங்களோ பிந்தைய திங்களோ வந்திறங்கலாம். முந்தையது என்றால் சனியன்று டாக்ஸிக்குச் சற்று முன்னதாகவே சொல்லி வையுங்கள்.